காற்றின் பெயரைச் சொன்னவள்

எங்கள் சித்தி தாங் மையே இந்தக் கரைக்கு வந்தபோது அவளுக்குக் கடல் தெரியாது, நீச்சல் தெரியாது, எங்கள் பேச்சும் தெரியாது. எனக்கு மூன்றும் நன்றாகத் தெரியும். அப்படியும் ஊரில் யாருக்காவது எதையாவது கேட்க வேண்டுமென்றால் அவளைத்தான் தேடுகிறார்கள். என்னைத் தேடினால் ஏதோ காணாமல் போயிருக்கிறது என்று அர்த்தம்.

என் பெயர் லிம் கிம்-ஹா. ஊருக்கு நண்டு. நேராக ஒரு கேள்வி கேட்டால் பக்கவாட்டில் ஓடிவிடுவேன் என்று வைத்த பெயர். தொழிற்பள்ளியில் மீன் பதப்படுத்தும் படிப்பில் கொஞ்ச காலம் இருந்தேன். மீன் பதமானது, நான் ஆகவில்லை. அம்மா நான் சிறுமியாக இருந்தபோதே போய்விட்டாள். அப்பா உயிர்மீன் லாரி ஓட்டுகிறவர். வளைகுடாவில் மிதவைக் கூண்டுகளில் வளரும் கத்தாளை மீனைத் தண்ணீர்த் தொட்டியோடு ஏற்றிக்கொண்டு சியாமென், அதற்கும் அப்பால் என்று போவார். வீட்டுக்கு வரும்போது மீனைவிட அதிகமாகத் தூங்குவார்.

சித்தி வடக்கே ஷான்சி மலைப்பக்கம், ஆப்பிள் விளைகிற ஊர்க்காரி. சிப்பி உடைக்கும் கொட்டகைக்கு வேலைக்கு வந்தவளை அப்பா எப்படியோ பேசி வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார். என்ன பேசினார் என்பது இன்றுவரை மர்மம். அவர் வாயிலிருந்து மொத்தமாக இரண்டு வாக்கியம் சேர்ந்து வந்து நான் கேட்டதில்லை.

அவள் வந்த முதல் வசந்தத்தில் வழக்கம்போல எங்கள் வீட்டுச் சுவரெல்லாம் ஈரம் கசிந்தது. சித்தி காலையிலிருந்து துணியை வைத்துத் துடைத்தாள். துடைக்கத் துடைக்கச் சுவர் மறுபடி நனைந்தது. கடைசியில் வாசலில் வந்து நின்று, "வீடு அழுவுதுங்க, யாராவது என்னன்னு கேளுங்களேன்" என்றாள்.

அப்பாவின் அண்ணன், எங்கள் சுய்கூ பெரியப்பா, அப்போது வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். தம்பி பெண்டாட்டியிடம் நேராக அவர் பேச மாட்டார். அது இந்த ஊர் மரியாதை. என்னைப் பார்த்துச் சொன்னார்: "அந்த வடக்கத்திக்காரிகிட்ட சொல்லு, செவுத்துக்கு வேர்க்குது. துடைச்சா கோச்சுக்கும்."

நான் சொன்னேன். சித்தி சுவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் துணியைக் காயப்போட்டாள். அது பத்து நாள் காயவில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு வானத்தைப் பற்றிய சொல் என்றால் ஒரு பசி. யார் எந்த ஊர் என்றாலும், "இதுக்கு உங்க பக்கம் என்ன சொல்வீங்க?" என்று ஆரம்பித்துவிடுவாள். கல்யாணத்துக்குப் பிறகும் காலை வேளை சிப்பிக் கொட்டகைக்கே போனாள். பள்ளியை விட்டபின் நானும் அங்கே கத்தி பிடித்தேன். சிப்பியைவிட என் விரல்தான் அதிகம் திறந்தது. கொட்டகையில் இருக்கும் பெண்கள் நாட்டின் நாலா பக்கத்தில் இருந்தும் வந்தவர்கள். ஒருநாள் வெளியே பிசுபிசுவென்று இருந்தது.

"தூறுதா?" என்றேன்.

"இது தூறலா?" என்றாள் சிச்சுவான்காரி ஜெங் அக்கா. "எங்க ஊர்ல பறக்குற மழைம்போம். பாரேன், எங்கயாச்சும் விழுதா? ஈ மாதிரி சுத்துது."

மலைப்பக்கத்து ஹக்கா பெண் ஒருத்தி தலையே நிமிரவில்லை. "எங்களுக்கு மழைன்னே ஒண்ணு கிடையாது. தண்ணி விழுதும்போம். நிறைய விழுந்தா பெரிய தண்ணி."

"சொல்லுலகூட மிச்சம் பிடிக்கிற சனம்டீ நீங்க."

"ஆமா, மிச்சம் பிடிச்சு உன்ன மாதிரி சிப்பி உடைக்க வந்திருக்கேன் பாரு."

சித்தி சிரித்துவிட்டுச் சொன்னாள்: "எங்க பக்கம் ஆலங்கட்டிக்குப் பேரு குளிர்விதை."

"அட, யாரு வெதைக்கிறது?"

"தெரியல. எங்கப்பா தோட்டத்துல ஒரு மத்தியானம் வெதைச்சாங்க. காயெல்லாம் சுத்தியால அடிச்சாப்பல. மரத்துல இலைகூட இல்ல." அவள் சிப்பியைத் திறந்து சதையைச் சுரண்டிப் போட்டாள். "வரப்போகுதுன்னு டவுன்ல தெரிஞ்சிருக்கு. எங்க மேட்டுக்கு வந்து சொல்லத்தான் ஆளில்ல."

நான் பேச்சை மாற்றுவதாக நினைத்துக்கொண்டு கட்டைவிரலை வெட்டிக்கொண்டேன்.

இதனால்தான், ஊர் ஒலிபெருக்கியில் வானிலை வாசிக்க ஆள் வேண்டும் என்று ஊர்ச் செயலாளர் குவே கேட்டபோது சித்தி கை தூக்கினாள். அதுவரை வாசித்தவன் அவருடைய மருமகன். அவன் இருமலுக்கு நடுவே வானிலை வரும். சித்திக்கோ டிவிக்காரர்கள் மாதிரி சுத்தமான பொதுமொழி. கோயில் மேட்டில் இருக்கும் ஒலிபெருக்கி நாலும் வளைகுடாவைப் பார்த்துத் திரும்பியிருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு, "மீனவர்களின் கனிவான கவனத்திற்கு" என்று அவள் ஆரம்பித்தால் கூண்டுக்குள் இருக்கும் கத்தாளைகூடக் கவனிக்கும்.

நான் அதைப் போலிசெய்து ஃபோனில் படம் எடுத்துப் போட ஆரம்பித்தேன். தலையில் துண்டைக் கட்டி, கரண்டியை மைக்காகப் பிடித்து: "தென்கிழக்குக் காற்று நிலை ஆறு. சித்தியின் கோபம் நிலை ஒன்பது. கரையோர வீடுகளில் தட்டுகள் பறக்க வாய்ப்புண்டு." என் வாழ்க்கையில் நான் செய்து ஊர் பார்த்த ஒரே வேலை அது. சித்தியும் பார்த்தாள். முழுக்கப் பார்த்துவிட்டு, "ஒன்பதுக்கு மேல பத்துன்னு ஒண்ணு இருக்கு, தெரியும்ல?" என்று கேட்டாள். அன்று ராத்திரி சோற்றில் எனக்கு மட்டும் மீன் தலை வந்தது. அது தண்டனையா பரிசா என்று கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. மீன் தலை எனக்குப் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

வம்பு வந்தது பெரியப்பாவிடமிருந்து.

புயலுக்கு எங்கள் பழைய சொல் ஒன்று உண்டு. டிவிக்காரர்கள் அதன் முன்பாதியைப் பின்னாலும் பின்பாதியை முன்னாலுமாகத் தலைகீழாக நிறுத்தி, புதுசு என்று சொல்லி எங்களுக்கே திருப்பி விற்றுவிட்டார்கள். இப்போது என் வயசுக்காரர்களுக்கு அந்த இரண்டும்கூட வேண்டாம். நீலம், மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை நிறம் போதும். நாங்கள் மழை வருமா என்று வானத்தைப் பார்க்காமல் ஃபோனை விரலால் தள்ளிப் பார்க்கிற கூட்டம். ஆனால் பெரியப்பா மாதிரி மீனுக்குக் காவலாக மிதவைக் குடிசையில் கிடக்கும் கிழவர்களுக்கு அந்தச் சொல் எப்படி நின்றாலும் ஒன்றுதான். கடலில் ஆள் இருக்கும்போது கரையில் இருப்பவர்கள் அதன் பெயரைச் சொல்லக் கூடாது. சொன்னால் கூப்பிட்டதாக ஆகிவிடும்.

ஒருநாள் பெரியப்பா ஈரக் காலோடு ஊர் அலுவலகத்துக்குள் வந்தார். சித்தி உள்ளே இருந்தாள். அவர் செயலாளரை மட்டும் பார்த்துப் பேசினார்.

"தினம் தினம் மேட்டுல ஏறி நின்னு அதும் பேரைக் கூவுறா. ஒரு தடவை வரலேன்னா மறு தடவை வராதா? நாய்கூட நாலு தடவை பேர் சொன்னா வரும்."

"மேலிடத்து உத்தரவுண்ணே. வாசிச்சே ஆகணும்."

"மேலிடம் மிதவையில வந்து படுக்குமா?"

சித்தி கையிலிருந்த தாளை மடித்தாள். "எங்க ஊர்லயும் அது பேரை யாரும் சொல்லலங்க" என்றாள், செயலாளரைப் பார்த்தே. "அப்படியும் வந்துச்சு."

பெரியப்பா என்னைப் பார்த்தார். "ஆப்பிள் தோட்டத்துக்கும் கடலுக்கும் வித்தியாசம் உண்டுன்னு சொல்லு."

"கேட்டுச்சு பெரியப்பா. அவளுக்குக் காது இருக்கு."

"உனக்கு வாய் இருக்கு. அதுதான் இந்த வீட்டுக்குச் சனி."

கோயில் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். இலையுதிர்காலத் திருவிழா முடிந்ததும் மைக்கை மறுபடி இருமல்காரனிடமே கொடுத்துவிடலாம் என்று முடிவாயிற்று. அன்றைக்குச் சித்தி மாவு பிசைந்த பிசையில் பலகை உடைந்துபோயிற்று.

திருவிழாவுக்கு முன்னால் புயல் வந்துவிட்டது.

இந்தத் தடவை அதற்கு எந்த நாட்டிலோ பூக்கிற ஒரு பூவின் பெயர். முந்தின நாளே ரோந்துப் படகு வந்து மிதவையில் இருந்த கிழவர்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு வந்து பள்ளிக்கூடத்தில் விட்டது. கிழவர்கள் அங்கே கொடுத்த நூடுல்ஸை மரியாதையாகச் சாப்பிட்டார்கள். காலையில் பார்த்தால் பாதிப் பேர் இல்லை. அவரவர் சின்னத் துடுப்புப் படகில் மீனுக்கே திரும்பிப் போய்விட்டார்கள். இது எல்லாப் புயலுக்கும் நடப்பதுதான். ஒரு வருஷத்து மீன் அங்கே கூண்டில் இருக்கிறது. கிழவன் இங்கே நூடுல்ஸ் கிண்ணத்தோடு உட்கார்ந்திருப்பானா?

காற்று இன்னும் ஏறவில்லை. நான் பெரியப்பாவைக் கூட்டிவரப் படகெடுத்துப் போனேன். வீரம் என்று நினைக்க வேண்டாம். சித்தி காலையிலிருந்து ஜன்னலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைத் தாங்க முடியாமல்தான் போனேன்.

பெரியப்பா மிதவையில் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். அவருடைய நாய் சோயா என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. அவர் எதையும் ஆட்டவில்லை.

"சிவப்பு எச்சரிக்கை பெரியப்பா."

"போன மாசமும் சிவப்புதான். துணி காயப்போடற அளவுக்குக்கூட அடிக்கல."

"இது வேற. இங்க பாருங்க, படம். இந்த வட்டம் இருக்குல்ல, இது அப்படியே..."

"பூ பேரு வச்சிருக்காங்களாமே?"

"ஆமா."

"பூவுக்குப் பயந்து ஓடினான்னு என்னைச் சொல்லணும், அதானே?"

வட்டத்தை இன்னும் பெரிதாக்கிக் காட்டலாம் என்று குனிந்தேன். ஃபோன் கை நழுவிக் கூண்டுக்குள் போயிற்று. பெரியப்பா எட்டிப் பார்த்தார்.

"இனிமே மீனுங்க பாத்துக்கும்" என்றார். "நீ போ. அலை புரளுது. போ சொல்றேன்ல?"

நான் வந்துவிட்டேன். ஆளைக் கொண்டுவரப் போனவள் ஃபோனையும் விட்டுவிட்டு வந்தேன்.

மதியத்துக்கு மேல் வானம் மஞ்சளாகி, அப்புறம் ஈயம் பூசினது மாதிரி ஆயிற்று. ஒலிபெருக்கி அறை கோயிலை ஒட்டியிருக்கிறது. கோயில் மண்டபத்தில் கூண்டுக்காரர்களின் பெண்டாட்டிகள் பாத்திரம் பண்டத்தோடு ஒதுங்கியிருந்தார்கள். சித்தி தொண்டை கம்மும்வரை வாசித்தாள். நிலை பன்னிரண்டு, நிலை பதிமூன்று. வாசித்து முடிக்கும் ஒவ்வொரு தடவையும் ஜன்னல் வழியே பார்ப்போம். மிதவைக் குடிசைகளில் ஒருவரும் அசையவில்லை.

"சித்தி, நீ கூவக் கூவ அவங்க அங்கேயே ஒட்டிக்கிறாங்க."

"வேற என்னதான்டி பண்ணச் சொல்ற?" அவள் மைக்கை அணைத்தாள். கதவோரம் உட்கார்ந்திருந்த ஆமுய் அத்தையிடம் திரும்பினாள். அத்தைக்கு எண்பது இருக்கும். அவள் கிழவனும் கடலில்தான் இருந்தான். "அத்தை, இந்த ஒலிபெருக்கியெல்லாம் வராத காலத்துல இவங்களை எப்படிக் கரைக்குக் கூப்பிட்டீங்க?"

ஆமுய் அத்தை வெற்று ஈறைக் காட்டினாள். "அதும் பேரையா சொன்னோம்? ஆளு பேரைச் சொல்லிக் கூப்பிட்டோம். வீட்டுப் பொம்பளைங்க கரையில போய் நின்னுக்குவோம்."

"பேரைச் சொன்னா வந்துருவாங்களா?"

"அந்தப் பேரு இல்லம்மா, தொட்டில் பேரு. பொறந்தப்ப அசிங்கமா ஒண்ணு வைப்போமில்ல, கெட்டது எதுவும் திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு? அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா காத்துக்கு இவன் ஒண்ணுக்கும் ஆவாத பொருளுன்னு தெரியும், விட்டுட்டுப் போயிரும். அவனும் வந்துருவான். வராம என்ன பண்ணுவான், அந்தப் பேரைக் கேட்டுட்டு?" அவள் கையை விரித்தாள். "இந்தக் கொழாயி வந்தப்புறம் எவ போறா கரைக்கு?"

நான் மைக்கைப் பார்த்தேன். என் மூளை படிப்பில் ஒருநாளும் ஓடியதில்லை. இந்த மாதிரி விஷயத்தில் மட்டும் தானாகக் கிளம்பிவிடும்.

"அத்தை, உன் ஆளோட தொட்டில் பேரு என்ன?"

"போடி. மருமவளுங்க இருக்காளுங்க."

"சொல்லு. இல்லேன்னா நானா ஒண்ணு வைப்பேன்."

அத்தை எழுந்தாள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்தாள், கோழியைப் பிடிப்பது மாதிரி. வளைகுடா முழுக்க அவள் குரல் நடுங்கிப் போயிற்று: "எலிவாலு... ஏ எலிவாலு... வீட்டுக்கு வாய்யா."

மண்டபத்தில் அவளுடைய மூன்று மருமகள்களும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு குலுங்கினார்கள். தூரத்தில் ஒரு மிதவையில் ஒரு உருவம் விறைத்து எழுந்து நின்றது. பிறகு அவசரமாகப் படகை அவிழ்த்தது.

அதற்கப்புறம் அந்த அறையில் நிற்க இடமில்லை. கரிக்கட்டை, நாய்ச்சோறு, மூக்குச்சளி, பீங்கொல்லை என்று இந்த ஊரின் மரியாதைக்குரிய பெரியவர்கள், கோயிலில் முதல் வரிசையில் ஊதுபத்தி ஏற்றுகிறவர்கள், எல்லாரும் ஒவ்வொருவராக வளைகுடாவுக்கு அறிவிக்கப்பட்டார்கள். படகுகள் வந்துகொண்டே இருந்தன. உயிரைக் காப்பாற்றிக்கொள்ள வந்தார்களா, ஒலிபெருக்கியை அடித்து உடைக்க வந்தார்களா தெரியாது. வந்தார்கள். சித்தி அத்தனை நேரமும் மைக் ஒயர் யார் காலிலும் சிக்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். இதையெல்லாம் நான் படம் எடுக்கவில்லை. ஃபோன் மீனிடம் இருந்தது என்று சொல்லிக்கொள்கிறேன். சித்தியின் ஃபோன் என் சட்டைப் பையில்தான் இருந்தது.

கடைசியில் ஒரே ஒரு மிதவையில் ஆள் மிச்சம். பெரியப்பா.

பெரியம்மா என்றோ விட்டுப் போய்விட்டாள். பெரியப்பாவின் அம்மாவும் இல்லை. அவருடைய தொட்டில் பெயரைக் கூப்பிட ஒருத்தியும் இல்லை. ஆமுய் அத்தைக்கும் தெரியவில்லை. மழை இப்போது மேலிருந்து வராமல் பக்கத்திலிருந்து வந்தது. மிதவை இருக்கும் இடம் தெரிந்தது, மறைந்தது.

அப்பாவுக்கு ஃபோன் போட்டேன். நெடுஞ்சாலையில் எங்கேயோ ஒதுங்கியிருந்தார்.

"பெரியப்பா தொட்டில் பேரு என்னப்பா?"

"எதுக்கு?"

"இன்னும் மிதவையிலதான் இருக்கார்."

லாரிமேல் மழை விழும் சத்தத்துக்கு நடுவே அப்பா சொன்னார். "ஓட்டைச்சட்டி." இன்னொரு வாக்கியமும் சேர்த்துச் சொன்னார்: "நான் சொன்னேன்னு சொல்லாத."

நான் மைக்கை எடுக்கப் போனேன். ஆமுய் அத்தை என் கையில் அடித்தாள். "சின்னக் கழுதை, பெரியவங்க தொட்டில் பேரை வாயில எடுக்காத, இடி விழும். வீட்டுப் பொம்பளை கூப்பிடணும்."

எல்லாரும் சித்தியைப் பார்த்தார்கள். தம்பி பெண்டாட்டி மூத்தவரிடம் நேராகப் பேசுவதே இங்கே வழக்கமில்லை. அவர் பெயரைச் சொல்வது அதைவிட மோசம். அந்தப் பெயரைச் சொல்வதை நான் யோசித்துக்கூடப் பார்த்ததில்லை.

"நான் வடக்கத்திக்காரிதானே" என்றாள் சித்தி. "வீட்டுப் பொம்பளைன்னு அவரு என்னிக்குச் சொன்னாரு?"

காற்று கோயில் ஓட்டை ஒன்றிரண்டாக எண்ணிப் பார்க்க ஆரம்பித்திருந்தது. சித்தி தொண்டையைச் செருமினாள். டிவிக்காரர்களின் சுத்தப் பேச்சை விட்டுவிட்டு, எங்கள் பேச்சில், மலை வாசனை அடிக்கும் உச்சரிப்பில் கூப்பிட்டாள்.

"ஓட்டைச்சட்டி. வீட்டுக்கு வா."

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நிலை இல்லை, நிறம் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். மூன்றாவது தடவை அவள் குரல் உடைந்துவிட்டது. ஒலிபெருக்கி அந்த உடைசலையும் பத்திரமாகக் கடலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது.

வெகு நேரம் எதுவும் தெரியவில்லை. நான் நகத்தைக் கடித்து முடித்து விரலுக்கு வந்திருந்தேன். பிறகு அலைக்கு நடுவே முதலில் சோயாவின் காது தெரிந்தது, அப்புறம் துடுப்பு. ஆண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கயிறு வீசினார்கள். படகு கரையில் மோதி விலா உடைந்தது. பெரியப்பா உடையவில்லை.

அவர் நேராக ஒலிபெருக்கி அறைக்கு வந்தார். தண்ணீர் சொட்டிக்கொண்டு, வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். அங்கே எலிவாலும் கரிக்கட்டையும் ஏற்கெனவே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் ஆமுய் அத்தைக்குப் பின்னால் போனேன், பக்கவாட்டில்.

"எவன் சொன்னான் அந்தப் பேரை?"

"எங்கப்பா" என்றேன். அப்பாவை நான் காப்பாற்றிய நேரம் அவ்வளவுதான்.

"வரட்டும்." பிறகு பெரியப்பா, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, சித்தியை நேராகப் பார்த்தார். "ஒரு தடவை கூப்பிட்டாலே கேட்டுச்சு. கயிறு அவுக்க நேரம் வேணாமா? மூணு தடவை ஊரு பூரா கேக்கணுமா?"

"மறுபடி போகாம இருந்தா கூப்பிட மாட்டேன்."

அவர் தலையிலிருந்து தண்ணீரை வழித்தார். பின்னால் வளைகுடாவில் ஏதோ பெரிதாக முறிந்த சத்தம். அவருடைய மிதவையாக இருக்கலாம். யாருடையதாகவும் இருக்கலாம். அவர் திரும்பவில்லை.

"உனக்கு உண்டா?" என்று கேட்டார்.

"என்னது?"

"தொட்டில் பேரு. உங்க மலையில வைப்பாங்களா மாட்டாங்களா?"

"வைப்பாங்க. சொல்ல மாட்டேன்."

"சொல்லு. நாளைக்கு நீ எங்கயாச்சும் மாட்டிக்கிட்டா உன் புருஷன் லாரியில இருப்பான், இந்த நண்டு எங்க இருக்கும்னு அதுக்கே தெரியாது. வீட்டுல ஒரு ஆளுக்காவது தெரிஞ்சிருக்கணும்."

சித்தி மைக் ஒயரைச் சுற்றி வைத்தாள். பிறகு அவர் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னாள். பெரியப்பா தலையை ஆட்டினார், சிரிக்கவில்லை. எனக்கும் கேட்டுவிட்டது. சிரித்துத் தொலைத்தேன். தலையில் நச்சென்று ஒரு குட்டு விழுந்தது. இரண்டு பேரில் யார் குட்டியது என்று நிமிர்ந்து பார்ப்பதற்குள் மின்சாரம் போய்விட்டது.